பதிமூன்றாம் வளைவில் நிற்கும் சுலோச்சனா

மஞ்சூரில் நான் இறங்கினேன், என் பெட்டி இறங்கவில்லை. ஒரு கேரட் மூட்டைக்கும் ஒரு தையல் மெஷினுக்கும் நடுவில் உட்கார்ந்தபடி அது பஸ்ஸோடு கீழ்குந்தாவுக்குப் போய்விட்டது. துணிமணி போனால் போகட்டும். பெட்டிக்குள் ஒரு பக்கக் கதை ஒன்றின் அறுபது படிகளும், ஒவ்வொன்றோடும் பின் குத்திய கேள்வித்தாளும் இருந்தன. அவற்றுக்காகத்தான் மலேசியாவின் ஈப்போவிலிருந்து கடல் தாண்டி வந்திருந்தேன்.

நான் தமிழாசிரியர். நாற்பத்தேழு வயதில் சம்பளமில்லா விடுப்பு எடுத்துக்கொண்டு ஆராய்ச்சி மாணவன் ஆனவன். கதை படிக்கும்போது மனம் என்ன வேலை செய்கிறது என்பது என் ஆராய்ச்சி. இலக்கியம் அழகு பார்ப்பதற்கு மட்டும் இல்லை, அது யோசிக்கும் ஒரு முறை என்பார் என் பேராசிரியர். ஒரு பாத்திரம் என்ன நினைக்கிறது என்று ஊகிக்கிறோம். அது இன்னொரு பாத்திரத்தின் நினைப்பை என்னவென்று நினைக்கிறது என்று ஊகிக்கிறோம். இப்படியே அடுக்கடுக்காக மேலே ஏறலாம். நான்காவது அடுக்கில் சாதாரண வாசகருக்கு மூச்சு வாங்கும் என்பது அவருடைய கணிப்பு. அதை நிரூபிப்பது என்னுடைய தலையெழுத்து.

சமவெளி வாசகர் முப்பது பேரை ஈப்போவிலேயே பிடித்துவிட்டேன். பாதிப்பேர் என் உறவினர்கள். அமைதியாக உட்கார்ந்து எண்களை வட்டமிட்டுக் கொடுத்தார்கள். "அடுத்து மலை வாசகர்கள் வேண்டும்" என்றார் பேராசிரியர். கேமரன் மலை பக்கத்திலேயே இருக்கிறதே என்றேன். அங்கே உங்களை எல்லோருக்கும் தெரியும், அவர்கள் கெட்டுப்போன வாசகர்கள் என்று சொல்லிவிட்டார். தேயிலைக்குத் தேயிலை, குளிருக்குக் குளிர் என்று அவரே வரைபடத்தில் நீலகிரியைக் காட்டினார்.

வருகிற திங்கட்கிழமை முப்பது தாள்களை அவர் மேசையில் வைக்காவிட்டால் என் பதிவு ரத்து. கெடுவை மூன்று முறை நீட்டித்தாயிற்று, நான்காவது கிடையாது. என் மனைவி மல்லிகா ஆஸ்பத்திரியில் தாதி. இந்த ஐந்து வருடமும் வீடு அவள் தோளில்தான் நடந்தது. கிளம்பும்போது, "இதுதான் கடைசிப் பயணம், இதோட முடிஞ்சிடும்" என்று சொன்னேன். இதையே போன வருடமும், அதற்கு முந்தைய வருடமும் சொல்லியிருந்தேன். அவள் "சரி" என்றாள். மூன்று வருடமும் அதே "சரி"தான்.

ஆகவே பெட்டி போனதும் பஸ் நிலையத்திலேயே தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். எதிரே பேக்கரிக்காரர் எட்டிப் பார்த்தார். காதர் பாய் என்று பெயர். மூன்று நாளில் எனக்கு எல்லாமாக ஆனவர்.

"ஏனுங்க, பொட்டி போயிருச்சுங்களா? அதுக்கு எதுக்குங்க பதர்றீங்க? பஸ்ஸுல போனது பஸ்ஸுல வந்துரும். உள்ள வந்து டீ குடிங்க."

டீயும் வர்க்கியும் கொடுத்தார். வர்க்கி என்பது முறுகலான அடுக்கு பிஸ்கட். கடித்தால் முன்பல்லில் தொடங்கி மடிவரை உதிரும். எங்கள் ஊரில் டீயை ஓர் ஆள் உயரத்துக்கு இழுத்து ஆற்றுவார்கள், நுரைதான் பாதி. இங்கே இழுப்பு கம்மி, டீ அதிகம். தேயிலைத் தோட்டத்துக்கு நடுவில் உட்கார்ந்து குடிக்கும் டீ எப்படி இருக்கும் என்று ஆசையோடு குடித்தேன். சர்க்கரைதான் முதலில் தெரிந்தது.

மறுநாள், செவ்வாய்க்கிழமை காலையில், பழனிச்சாமி என்ற கண்டக்டர் என் பெட்டியைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார். கூடவே தையல் மெஷினும் வந்தது. அது கீழ்குந்தாவில் இறங்கியிருக்க வேண்டியது. இரண்டும் ஒன்றாகவே இருந்ததால் சொந்தம் என்று நினைத்துவிட்டார்களாம். மெஷின் மத்தியான பஸ்ஸில் திரும்பிப் போயிற்று. ஆளோ பொருளோ, இந்த ரோட்டில் எதையும் யாரும் அப்படியே விட்டுவிடுவதில்லை என்று பழனிச்சாமி பெருமையாகச் சொன்னார். அப்போது நான் அதைக் கவனித்துக் கேட்டிருக்க வேண்டும்.

என் கதையைச் சொல்கிறேன், சின்னதுதான். சுலோச்சனா என்ற பெண்ணை மலைரோட்டின் ஒரு வளைவில் விட்டுவிட்டு, "இங்கேயே நில், பஸ் வரும்" என்று சொல்லிப் போகிறான் கணவன் ராமசாமி. அன்றைக்குப் பஸ் இல்லை என்று அவனுக்குத் தெரியும். அவனுக்குத் தெரியும் என்று அவளுக்கும் தெரியும். இருந்தும் நிற்கிறாள். மழை தொடங்குகிறது. கையில் குடை இருக்கிறது. அவள் விரிக்கவில்லை. அவ்வளவுதான் கதை. தெளிவில்லாத விவரம் ஒன்று கட்டாயம் வேண்டும் என்று பேராசிரியர் கேட்டதால் கடைசி நேரத்தில் சேர்த்தது அந்தக் குடை.

இடம் மட்டும் வாசகருக்குப் பழகிய இடமாக இருக்க வேண்டும் என்பது விதி. ஈப்போவில் அவளைக் கேமரன் மலைக்கு ஏறும் தாப்பா ரோட்டில் நிறுத்தியிருந்தேன். இங்கே வருவதற்குமுன் வரைபடத்தைப் பார்த்து, மஞ்சூரிலிருந்து கெத்தை வழியாகக் கீழே இறங்கும் ரோட்டில், பதிமூன்றாம் வளைவுக்கு மாற்றினேன். அந்த எண் கேட்பதற்கு நன்றாக இருந்தது.

கேள்விகள் இந்த ரகம்: 'தன்னைப் பற்றி ராமசாமி என்ன நினைப்பதாகச் சுலோச்சனா நினைப்பதாக ராமசாமி நினைக்கிறான்? ஒன்று முதல் ஏழு வரை ஓர் எண்ணை வட்டமிடவும்.' இதற்கு எண்ணால் எப்படிப் பதில் சொல்வது என்று என்னைக் கேட்காதீர்கள். நானும் பேராசிரியரைக் கேட்டதில்லை.

முதல் வாசகர் காதர் பாய். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, வந்த இரண்டு வாடிக்கையாளர்களைக் காக்க வைத்துவிட்டு, கதையை இரண்டு தடவை படித்தார். பிறகு நிமிர்ந்து பார்த்தார்.

"பதிமூணாவது வளைவுன்னு போட்டிருக்கீங்களே, நெசமாவே அங்கதானுங்களா?"

"ஆமாம் பாய்."

"அங்க எதுக்குங்க அந்தப் புள்ளைய நிக்க வச்சீங்க? ஒத்தை யானை சுத்தற எடமுங்க அது."

"இது கதைதானே பாய்."

"கதைன்னு எனக்குத் தெரியுதுங்க. யானைக்குத் தெரியோணுமில்லீங்க."

எண் எதையும் அவர் வட்டமிடவில்லை. எட்டுக் கேள்விகளுக்கும் குறுக்கே ஒரே பதிலை எழுதினார்: 'மொதல்ல அந்தப் பொண்ண அங்கிருந்து நகத்துங்க.'

ஒரு வாசகர் போனால் போகிறார் என்று புதன்கிழமை தேயிலை ஃபாக்டரிக்குப் போனேன். அங்கே ஆபீஸில் கிளார்க்காக இருக்கும் ஜெயந்தி, காதர் பாய் சொல்லி அனுப்பியதால், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் இருபது பேரைச் சேர்த்துக் கொடுத்தார். கோயமுத்தூர்ப் பக்கத்துப் பெண். எதையும் ஃபைல் போட்டு யோசிப்பவர். வறுபட்ட இலையின் வாசனைக்கு நடுவில், பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து எல்லோரும் எழுதினார்கள். ஒருவரும் பேசவில்லை. ஆராய்ச்சி என்றால் இதுதான் என்று மனம் நிறைந்துபோய், அவர்கள் கொடுத்த அவரைக்காய்க் குழம்பும் சோறும் இரண்டு தட்டு சாப்பிட்டேன்.

தாள்களை வாங்கிப் பார்த்தேன். ஒரு வட்டம்கூட இல்லை. ஒருவர் பதிமூன்றாம் வளைவிலிருந்து பவர்ஹவுஸ் குவார்ட்டர்ஸுக்குக் குறுக்குப்பாதை வரைந்து, எங்கே பிடித்து ஏற வேண்டும் என்று அம்புக்குறி போட்டிருந்தார். ஒருவர், 'வாழைப்பழம் கைல இருந்தா தூர வீசச் சொல்லவும்' என்று எழுதியிருந்தார். ராமசாமி எந்த எஸ்டேட், எந்த டிவிஷன் என்று நாலு பேர் கேட்டிருந்தார்கள். அவன் கையில் கிடைத்தால் என்ன ஆவான் என்பதை ஒருவர் விரிவாகவே விளக்கியிருந்தார்.

"ஏனுங் சார், அந்தம்மா அன்னைக்கு லீவ் சொல்லிட்டு வந்துச்சா, சொல்லாம வந்துச்சா?" என்று ஜெயந்தி கேட்டார். "லீவ் சொல்லியிருந்தா, வந்து சேரலைன்னு இந்நேரம் யாரும் தேடமாட்டாங்க. சொல்லாம வந்திருந்தா, நாங்க தேட ஆரம்பிச்சிருப்போம். அதத் தெரிஞ்சுக்காம ஒண்ணாங் கேள்விக்கே பதில் போட முடியாதுங்க."

அன்று சாயங்காலம் பேக்கரியில் என் துயரத்தைச் சொல்லி அழாத குறையாக உட்கார்ந்திருந்தேன். இவர்களுக்கு நான்காவது அடுக்கு இல்லை, முதல் அடுக்கே ஏறவில்லை என்று தோன்றியது. காதர் பாய் என்னைத் தேற்றுவதாக நினைத்து, தன் மச்சான் வீட்டுக் கல்யாணத்துக்குப் போன கதையைச் சொன்னார்.

"பத்திரிகை வெக்கலைங்க. நாங்க கோவிச்சுக்குவோம்னு அவங்க எதிர்பாக்கறாங்கன்னு எங்களுக்குத் தெரியும். நாங்க கோவிச்சுக்கலைன்னா, எங்களுக்குத் தெரிஞ்சிருச்சுன்னு அவங்க புரிஞ்சுக்குவாங்கன்னுதான் சிரிச்ச மொகமா மொதப் பந்திலயே உக்காந்தோம். அவங்க புரிஞ்சுக்கிட்டாங்கன்னு நாங்க கண்டுபுடிச்சது அவங்களுக்குத் தெரியக்கூடாதுன்னு, ரெண்டு தடவை பிரியாணி கேட்டு வாங்கித் தின்னோம்."

நான் விரல் விட்டு எண்ணினேன். ஏழு அடுக்கு. மூச்சு வாங்காமல் ஏறி இறங்கியிருந்தார், இடையில் ஒருவருக்குப் பன்னும் கட்டிக் கொடுத்திருந்தார்.

வியாழக்கிழமை நிலைமை கை மீறியது. மீதித் தாள்களைக் கடையில்தான் வைத்திருந்தேன். தாள் நல்ல தடிமனாக இருக்கிறதே என்று காதர் பாய் முந்தைய நாள் அதில் வர்க்கி மடித்துக் கொடுத்திருக்கிறார். வர்க்கி தீர்ந்ததும் ஊர் கதையைப் படித்திருக்கிறது. வாசகர்கள் தங்களுக்குள் கலந்து பேசவே கூடாது என்பது ஆராய்ச்சியின் முதல் விதி. நான் தெருவில் நடந்தால், கேரட் கழுவிக்கொண்டிருந்தவர் கையை உதறிவிட்டு, "ஏனுங்க, அந்தப் பொண்ணு இன்னும் அங்கயேதான் நிக்குதுங்களா?" என்று கேட்டார். மருந்துக்கடைக்காரர், நனைந்திருப்பாள், காய்ச்சல் வரும் என்றார். யாராவது நிஜம் என்று நம்பிப் பேசினால் திருத்திவிடலாம். எல்லோரும் இது கதை என்று தெளிவாகத் தெரிந்துகொண்டே கவலைப்பட்டார்கள். அதற்கு என்னிடம் மருந்து இல்லை.

எப்படியோ எண்ணிக்கையில் முப்பது தாள் சேர்ந்தது. ஒன்றிலும் எண் இல்லை. பேராசிரியருக்குச் செய்தி அனுப்பினேன். அவர் ஒரு வரியில் பதில் போட்டார்: 'எண்கள் இல்லாமல் வர வேண்டாம்.'

வெள்ளிக்கிழமை காலை, கெத்தை வழியாகக் கோயமுத்தூர் இறங்கும் பஸ்ஸில் ஜன்னலோரமாக உட்கார்ந்தேன். விமானம் அன்று மாலை. பழனிச்சாமிதான் கண்டக்டர். ஆபீஸ் வேலையாக ஜெயந்தியும் வந்தார். வெள்ளைச் சேலையை மார்போடு சுற்றி, தலையில் வெள்ளைத்துணி கட்டிய படகர் அம்மாள் ஒருவர் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஊரே வழியனுப்ப, பஸ் புறப்பட்டது. நான் பையைத் திறந்து, தாள்களை மடியில் வைத்து, பென்சிலை எடுத்தேன்.

ஆமாம், நானே வட்டமிட ஆரம்பித்தேன். நான்கு, மூன்று, நான்கு, ஐந்து. பேராசிரியரின் கணிப்பை ஒட்டியும் ஒட்டாமலும், நம்பும்படியாக. வெட்கப்பட்டுக்கொண்டே செய்தேன், ஆனால் செய்தேன். ஐந்து வருடம் ஒன்றுமில்லாமல் போய்விடக்கூடாது என்பதைத் தவிர வேறு எதுவும் மனத்தில் ஓடவில்லை. வேலை சுலபமில்லை. பஸ் ஒவ்வொரு வளைவிலும் ஒடிந்து திரும்பும்போது மூன்றைச் சுற்ற வேண்டிய வட்டம் ஆறைச் சுற்றியது. பதினோரு தாள் முடித்திருந்தேன். பஸ் நின்றது.

யானை என்று நினைத்து எட்டிப் பார்த்தேன். ரோடு காலியாக இருந்தது. வளைவில் நட்ட கல்லில் பதிமூன்று என்று எழுதியிருந்தது. டிரைவர் இரண்டு தடவை ஹாரன் அடித்தார். பழனிச்சாமி கதவைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"வண்டி நின்னாச்சுங் சார். அந்தம்மாவ ஏறச் சொல்லுங்க."

"எந்தம்மா?"

"சுலோச்சனா."

"அது கதைங்க!"

"கதைன்னு எனக்குத் தெரியாதுங்களா? நான் என்ன பைத்தியமா?" பழனிச்சாமிக்குக் கோபம் வந்துவிட்டது. "இந்த ரோட்டுல ஒத்தையா ஆள் நின்னா நாங்க விட்டுட்டுப் போறதில்லீங்க. டிரைவரண்ணன் முந்தாநாள் வர்க்கி வாங்கினாரு. அதுல இருந்து சரியா சோறு திங்கலை. இன்னைக்கு நிறுத்தாமப் போனா, நாளைக்கு இந்த வளைவுல அவருக்குக் கை நடுங்கும். இத்தனை வளைவு ரோட்டுல கை நடுங்கற டிரைவர வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

இதில் ஒரு தவறும் எனக்குத் தெரியவில்லை. பின்சீட்டில் ஒருவர், கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்கு நேரமாகிறது என்று சத்தம் போட்டார். அப்பாடா, ஒரு சமவெளி வாசகர் என்று ஆறுதலாகத் திரும்பினேன். "சட்டுன்னு ஏறச் சொல்லுங்க சார், அப்பறமா பேசிக்கலாம்" என்றார்.

கதையை மாற்றினால் தாள்கள் எதற்கும் உதவாது என்று வாய்வரை வந்தது. மடியில் இருந்த பதினோரு தாள்களைப் பார்த்ததும் அதைச் சொல்ல வாய் கூசியது. "சரி, ஏறிட்டா. போகலாம்" என்றேன்.

ஒருவரும் நம்பவில்லை. டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

"அவ ஏறமாட்டாளுங் சார்," என்றார் ஜெயந்தி. "வண்டி வந்ததும் ஏறறவளா இருந்தா நீங்க அப்படி எழுதியிருக்கமாட்டீங்க."

படகர் அம்மாள் தன் பாஷையில் ஏதோ சொன்னார். ஜெயந்தி எனக்காக அதைத் தமிழில் சொன்னார். "குடையக் கைல வெச்சுக்கிட்டு விரிக்காதவ பஸ்ஸுக்கா நிக்கறா? தான் நனையறதைப் புருஷன் பாக்கோணும்னு நிக்கறா. அவன் சொன்னது பொய்யின்னு அவளுக்குத் தெரியும்கறது அவனுக்கும் தெரியும். தெரிஞ்சும் அவன் பேசாம இருக்கறான், அதுதான் அவளுக்கு ஆறலை. இப்படிச் சொல்றாங்க."

பழக்கதோஷத்தில் அடுக்குகளை எண்ணத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டேன். அம்மாள் நேராக என்னைப் பார்த்து இன்னும் ஒன்று கேட்டார். அதையும் ஜெயந்தி சொன்னார். "அந்த ஆளு இப்ப எங்க இருக்கறான்னு கேக்கறாங்க. எழுதின உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்ல?"

இரண்டு வருடமாக அந்தக் கதையைக் கையில் வைத்துக்கொண்டு, அவள் என்ன நினைக்கிறாள், அவன் என்ன நினைக்கிறான் என்று அறுபது பேரைக் கேட்டிருக்கிறேன். ஒரு தடவைகூட நான் நினைத்துப் பார்த்ததில்லை. இப்போது நினைத்தேன். ராமசாமி எங்கே இருக்கிறான் என்று உடனே தெரிந்தது. முடியாது என்று தெரிந்துகொண்டே முடிந்துவிடும் என்று வீட்டில் சொல்லிவிட்டு, வெளியூரில், மடியில் திருட்டுத் தாளோடு உட்கார்ந்திருக்கிறான். மல்லிகாவின் மூன்று "சரி"யும் ஒன்றன்பின் ஒன்றாகக் காதில் கேட்டன.

"அவன் திரும்பி வரணும்," என்றேன். "வந்து, பஸ் வராதுன்னு தெரிஞ்சேதான் சொன்னேன்னு அவகிட்ட ஒத்துக்கணும். ஒத்துக்கிட்டா ஏறுவா."

பஸ் யோசித்தது. அம்மாளுக்கு ஜெயந்தி மொழிபெயர்த்தார். அம்மாள் தலையசைத்தார்.

"வந்துட்டானுங்களா?" என்று டிரைவர் கேட்டார்.

"வந்துட்டான்."

"சொல்லிட்டானா?"

"சொல்லிக்கிட்டு இருக்கான்."

"சீக்கிரம் சொல்லச் சொல்லுங்க," என்றார் ஆஸ்பத்திரிக்காரர்.

கொஞ்ச நேரம் எல்லோரும் திறந்த கதவையே பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு பழனிச்சாமி என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரை எழுப்பி, அந்த இடத்தைக் காலியாக வைத்தார். ராமசாமிக்கும் இடம் வேண்டாமா என்று யாரோ கேட்டார்கள். "அவன் நின்னுட்டே வரட்டும்" என்று சொல்லி விசில் அடித்தார். பஸ் நகர்ந்தது. அந்தக் கூட்டத்திலும் கீழே இறங்கும்வரை அந்த சீட்டில் ஒருவரும் உட்காரவில்லை.

மலையடியில் வெள்ளியங்காடு தாண்டியதும் போனில் சிக்னல் வந்தது. மல்லிகாவைக் கூப்பிட்டேன். வேலையில் இருந்தாள், பின்னால் வார்டுச் சத்தம் கேட்டது.

"முப்பது தாள்லயும் ஒரு எண்கூட இல்ல மல்லிகா. பதினொண்ணுல நானே போட்டேன். அதைக் கொடுக்கப் போறதில்ல. இது முடியாது. போன வருஷமும் முடியாதுன்னு தெரிஞ்சுதான் உங்கிட்ட முடிஞ்சிடும்னு சொன்னேன். அதுக்கு முந்தின வருஷமும் அப்படித்தான்."

இன்னொரு "சரி"க்காகக் காத்திருந்தேன். அவள் "சரி" சொல்லவில்லை.

"அந்தப் பொண்ணு பஸ்ஸுல ஏறிட்டாளா?" என்று கேட்டாள்.

கதையை நான் அவளுக்குக் காட்டியதே இல்லை. மாமா, சித்தப்பா எல்லோருக்கும் கொடுத்தேன். மனைவி கூடாது, ஆய்வு கெடும் என்று அவளை மட்டும் விட்டுவிட்டேன்.

"நீ படிச்சியா?"

"நீங்க எழுதுன அன்னிக்கே படிச்சேன். ரெண்டு வருஷமா மழையில நிக்கிறா. ஏறிட்டாளா இல்லையா, அத சொல்லுங்க மொதல்ல."

"ஏறிட்டா," என்றேன்.

மல்லிகா அழ ஆரம்பித்தாள். இந்த ஐந்து வருடத்தில் அவள் அழுது நான் கேட்டது அதுதான் முதல் தடவை.